கடைசியாகத் திறந்த கை

காஜா மைதீனுக்கு உட்காரத் தெரியாது என்று அவர் மனைவி சித்திகா சொல்வாள். சாப்பிடும்போதுகூட அவர் இடது கை மேசைக்கு அடியில் திருகாணியைத் தேடும். தளர்ந்திருந்தால் போச்சு, சோறு ஆறினாலும் அதை முடுக்கிவிட்டுத்தான் அடுத்த கவளம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பிரியாணியைவிட அங்கே இரைகிற ஏ.சி.தான் அவரைக் கூப்பிடும்.

முடிச்சூர் சாலையில் அவருக்கு ஒரு கடை. வாசல் பலகையில் 'ஏ.சி., ஃபிரிட்ஜ் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளறையில் நடக்கும் வேலையைப் பற்றி அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே வெள்ளைத் துணி விரித்த மேசைமேல், கடலுக்கடியில் போகிறவர்கள் மூச்சுவிடும் கருவிகள் பிரிந்து கிடக்கும்.

தாம்பரத்து ஏ.சி. மெக்கானிக்குக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தத்தை உண்டாக்கியது ஒரு கம்ப்ரசர். ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் தீபா என்ற பெண் நடத்தும் டைவிங் பள்ளியில், சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் ஒருநாள் நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வருவதற்குள் சீசனே முடிந்துவிடும் போலிருந்தது. யாரோ சொல்லி காஜா போனார். வயரைத் தொடும் முன் காதை வைத்துக் கேட்டார்; மத்தியானத்துக்குள் அது ஓடியது. வேலை முடிந்ததும் அவர் கழற்றிய இடத்தையெல்லாம் துடைத்து வைத்த விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் தீபா கேட்டாளாம், ரெகுலேட்டர் வேலை கற்றுக்கொள்கிறீர்களா என்று. புதுச்சேரிக்கு அனுப்பிப் பயிற்சியும் கொடுக்க வைத்தாள்.

ரெகுலேட்டர் என்பது சின்ன சாமான்தான். சிலிண்டருக்குள் இறுக்கி அடைத்த காற்று அப்படியே வாய்க்கு வந்தால் நெஞ்சு கிழிந்துபோகும். அந்த ஆவேசத்தை அடக்கி, உறிஞ்சும்போது மட்டும், உறிஞ்சுகிற அளவுக்கு மட்டும் தருவது அது. ஒரு பகுதி சிலிண்டரின் தலையில் உட்காரும். இன்னொரு பகுதி வாயில் கவ்விக்கொள்ள. நடுவே ஒரு குழாய். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து, உப்பு எடுத்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை மாற்றி, மறுபடி மூட வேண்டும். காஜா மூடினால் மூடியதுதான். மறுபடி திறந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "டவுட்டு இருந்தா மூடவே கூடாது. மூடிட்டா டவுட்டு படக் கூடாது" என்பார். ஓயாத அந்தக் கைகள் வெள்ளைத் துணியின் முன்னால் மட்டும் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். தீபாவின் பள்ளியில் எத்தனையோ பேர் அவர் மூடிய கருவியைக் கவ்விக்கொண்டு கீழே போய் வந்திருக்கிறார்கள். ஒருவருக்காகவும் அவர் தவித்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதரைத் தவிக்க வைக்க வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். அவருடைய ஒரே மகள் ஃபாயிசா.

காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் படிப்பு முடித்தவள். லீவு நாட்களில் அப்பாவோடு தீபாவின் பள்ளிக்குப் போய்ப்போய், தண்ணீருக்குள் இறங்கக் கற்று, முறையாக டைவிங் சான்றிதழும் வாங்கிவிட்டாள். அதுவரை பள்ளியின் கருவி, பள்ளியின் நீச்சல்குளம், கரை தெரிகிற கடல் என்பதால் காஜாவும் பொறுத்துக்கொண்டார். இப்போது தூத்துக்குடியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் குழுவில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. தினமும் படகு, தினமும் கடல். சொந்தக் கருவி கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சித்திகா ஒரு தட்டு கேசரி செய்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். காஜா மொட்டை மாடிக்குப் போய் டேங்க் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அவர் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. மழை வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கிய அந்த டிசம்பரில், தெருவுக்குள் வந்த மீன்பிடிப் படகில் முதலில் குழந்தைகளை ஏற்றினார்கள். ஃபாயிசாவைத் தூக்கி ஏற்றியது அவர் கைதான். அடுத்த படகில் வந்துவிடலாம் என்று நினைத்தார். அடுத்த படகு வெகுநேரம் வரவில்லை. வந்த படகு அவரை வேறு முகாமுக்குக் கொண்டுபோனது. பொழுது சாயும்வரை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, ஈரத் துணியோடு, மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு அலைந்தார். ஒரு வகுப்பறையில் யாரோ கொடுத்த போர்வைக்குள் உட்கார்ந்து அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவள் அதை மறந்துவிட்டாள். அவரால் முடியவில்லை. அவள் படகில் ஏறுகிறாள் என்றாலே அவருக்கு அந்தச் சாயங்காலம் திரும்ப வந்துவிடும்.

போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆகவே கருவி வாங்குவதில் இறங்கினார்.

முகமூடிக் கண்ணாடியிலேயே ஆரம்பித்தது ரகளை. தீபாவின் பள்ளியோடு சேர்ந்த கடையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, வாரைப் போடாமல் மகள் முகத்தில் ஒட்டி, மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். கையை எடுத்தும் விழாமல் முகத்தோடு நின்றால்தான் அது அவளுடைய முகத்துக்கானது. அழகாக இருந்த நீலம் விழுந்தது. ஒன்றுக்கும் ஆகாதது போலிருந்த கறுப்பு நின்றது. வீட்டுக்கு வந்ததும் புதுக் கண்ணாடியின் உள்பக்கம் பற்பசையைத் தேய்த்து ஊறவைத்தார். தொழிற்சாலையில் ஒட்டிய மெழுகு போகாவிட்டால் தண்ணீருக்குள் பனி படர்ந்து கண் மறைக்கும். சித்திகா பல் தேய்க்க வந்து பற்பசை டியூபைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கடலுக்குப் போகிறவளுக்காக வீட்டில் இருப்பவர்கள் வாய் கொப்பளித்தால் போதுமா என்று கேட்டாள்.

உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையை முதலில் பார்த்தபோது சித்திகாவின் முகம் சுளித்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிறதே என்று மகள் காட்டிய பிறகு, மூடத்தான் மூடுகிறது, மூடாமல் இருந்தால்கூட இவ்வளவு தெரியாது என்றாள். பிறகு அதற்குமேல் போட்டுக்கொள்ள ஒரு தொளதொளச் சட்டையை அவளே தைத்துக் கொடுத்தாள்.

ரெகுலேட்டரில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் முட்டிக்கொண்டது. ஃபாயிசா கேட்டது இலேசான, புது மாடல். காஜா எடுத்தது யாரோ கொஞ்ச நாள் மட்டுமே பயன்படுத்திய பழைய மாடல். உலோக உடம்பு, கையில் கனம்.

"இது கெட்டுப் போனா பார்ட்ஸ் சென்னையிலயே கிடைக்கும். நீ சொல்றதுக்கு எங்கேருந்து வரவழைக்கிறது?" என்றார்.

"கெட்டுப் போகும்னே வாங்குறீங்களா அத்தா?"

"எல்லாம் கெட்டுப் போகும்மா. சரிபண்ண முடியறதா பாத்து வாங்கணும்."

அவள் விட்டுக்கொடுத்தாள். அவர் தொழிலில் அவர் சொல்வதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும்.

கொண்டுவந்து பிரித்தார். கழுவினார். அவர்கள் தெரு போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். ஒவ்வொரு வளையத்தையும் விளக்கின்கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து மாட்டினார். மூடினார். காற்று அழுத்தத்தைக் காட்டும் முள் அசையாமல் நின்றது. வேலை முடிந்தது.

மறுநாள் அதைத் திறந்தார்.

ஒன்றும் இல்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மூடினார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர் நேராக உள்ளறைக்குப் போய் மறுபடி திறந்தார். வளையத்தில் ஒரு தூசி இருந்தது போலிருந்தது. இல்லை, அது விளக்கின் நிழல். மூடினார். செம்பாக்கத்தில் ஒரு வீட்டு ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஏணியில் நின்றபடியே சந்தேகம் வந்து, பாதியில் இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பினார். அந்த வீட்டுக்காரர் வெயிலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது பாவம்.

"அது ரெகுலேட்டரா, தஸ்பீ மணியா? உருட்டிக்கிட்டே இருக்கீங்க" என்றாள் சித்திகா.

திறந்து திறந்து மூடுவது நல்லதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் ரப்பர் கொஞ்சம் தேயும், மரை கொஞ்சம் தளரும், ஏதாவது ஒரு தூசி உள்ளே போக வழி கிடைக்கும். பிறருக்கு அவரே சொல்லும் பாடம் அது. ஆனால் திறந்திருக்கும்போது மட்டும்தான் அவர் மனம் நின்றது. மூடிய நொடியில் அந்தப் படகு மறுபடி கிளம்பியது.

ஃபாயிசா தூத்துக்குடிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, புதுக் கருவிகளோடு ஒருமுறை ஈ.சி.ஆர். கடலில் இறங்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. காலையிலேயே ஆம்னி வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அப்பாவும் மகளும் போய்ச் சேர்ந்தார்கள்.

தீபாவின் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சர்வீஸ் ஆன கருவியைக் கடைசியாக யார் திறந்து மூடினாரோ, அவர்தான் அதைக் கவ்விக்கொண்டு முதலில் பயிற்சிக் குளத்தில் மூழ்க வேண்டும். அவர் மூச்சு விட்டுக் காட்டிய பிறகுதான் அது வேறு யார் வாய்க்கும் போகும். தன் வேலையைத் தன் நெஞ்சாலேயே சோதித்துக்கொள் என்பது தீபாவின் கணக்கு. ஆனால் காஜா தண்ணீரில் தலை நனைக்காதவர். முகாம் முகாமாக அலைந்த அந்த நாளுக்குப் பிறகு முட்டிக்கு மேல் தண்ணீர் ஏற விட்டதில்லை. அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தவன் அங்கே படகு ஓட்டும் அசரியா. காஜா கொண்டுவரும் ஒவ்வொரு ரெகுலேட்டரிலும், வாயில் கவ்வும் பகுதியின் முன்மூடியை அவன் ஒருமுறை கையால் திருகித் திறப்பான், உள்ளே எட்டிப் பார்ப்பான், மூடுவான். கடைசியாகத் திறந்தவன் இப்போது அவன்தானே? பிறகு அவனே குளத்தில் குதிப்பான். தீபாவுக்கு இது தெரியும், சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

அன்றும் அப்படித்தான். அசரியா திறந்தான், மூடினான், குளத்துக்குள் போய் மீன் மாதிரி சுற்றிவிட்டு எழுந்தான்.

"தேனு மாதிரி வருது பாய். நீ போய் டீ குட்சிட்டு ஓரமா குந்து" என்றான்.

ஃபாயிசா உடை மாற்றப் போனாள். அசரியா படகைத் தண்ணீருக்குத் தள்ளப் போனான். வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ரெகுலேட்டர், துண்டின்மேல். காஜா டீ குடிக்கப் போகவில்லை.

பார்க்க மட்டும்தான் நினைத்தார். முன்மூடியை அசரியா சரியாகத் திருகினானா என்று தொட்டுப் பார்த்தார். தொட்டதும் கை அதுவாகத் திருகியது. மூடி வந்துவிட்டது. உள்ளே, தட்டு மாதிரி வட்டமாக ஒரு மெல்லிய ரப்பர். அதற்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் மூச்சு. விரலால் அதைத் தூக்கி அடியில் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அந்த நேரம் காற்று ஒரு கை மணலை அள்ளி வேனுக்குள் கொட்டியது. பதறிப்போய் ரப்பரைத் துடைத்து, வைத்து, மூடியைத் திருகினார். "அத்தா, அதை எடுத்துட்டு வாங்க" என்று ஃபாயிசா கூப்பிட்டாள். எடுத்துக்கொண்டு ஓடினார். மூடிய பிறகு வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்ப்பார். அந்த ஒருமுறை பார்க்கவில்லை.

அவள் சிலிண்டரில் மாட்டினாள். படகு அலையில் மூக்கை ஆட்டிக்கொண்டு நின்றது. அசரியா என்ஜினைத் தட்டினான். தீபா ஃபாயிசாவின் வார்களை இழுத்துச் சரிபார்த்தாள். காஜா மணலில் நின்றார். சொல்லிவிட்டால்? மகள் முன்னால், தீபா முன்னால், இத்தனை வருஷப் பெயர் மணலில் விழும். ஒன்றும் ஆகியிருக்காது, எத்தனை தடவை திறந்தார், எத்தனை தடவை சரியாக இருந்தது. சொல்லாவிட்டால்? ஃபாயிசா கால் தூக்கி வைத்தாள், படகுக்குள்.

"நில்லும்மா" என்றார். "நான் திறந்துட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார்.

"அசரியா பாத்ததுக்கு அப்புறம், வேன்ல, நான் திறந்துட்டேன். மூடிட்டு செக் பண்ணல."

என்ஜின் நின்றது. அசரியா தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னா பாய் நீ" என்று மட்டும் சொன்னான். ஃபாயிசா படகிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் காஜா தாங்கியிருப்பார். அதில் இருந்தது வேறு; தன் கையில் இருக்கும் பொருளை முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். அந்தப் பார்வை அவரை அறைந்தது.

அசரியா வழக்கம்போலத் தானே திறந்து மூடிவிட்டுக் குதிக்கிறேன் என்று கை நீட்டினான். தீபா தடுத்தாள்.

"இத்தனை நாள் நான் கண்டுக்காம விட்டது என் தப்பு. இன்னிக்கு நீங்கதான் பாய் இறங்கணும். இறங்கலைன்னா இன்னிக்கு டைவ் கிடையாது."

காஜா மகளைப் பார்த்தார். இறங்காவிட்டால் அவள் இன்று கடலுக்குப் போக மாட்டாள். இத்தனை நாள் அவர் உள்ளுக்குள் கேட்டது அதைத்தானே? ஆனால் இன்று போகாதவள், தூத்துக்குடியில் தனியாக, இதே கருவியை வாயில் வைக்கும்போதெல்லாம் அந்தப் பார்வையைப் பார்ப்பாள். அதை நினைத்ததும் அவர் சட்டையைக் கழற்றினார்.

அசரியாவின் அரைக்கால் சட்டையில், பயிற்சிக் குளத்தின் படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். சிலிண்டரை ஒரு பக்கம் தீபா பிடித்துக்கொண்டாள். இன்னொரு பக்கம் ஃபாயிசா இறங்கி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மண்டியிட்டால் தலை மூழ்கிவிடும் ஆழம், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் முடிச்சூர் முழுக்க இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, ரெகுலேட்டரைக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு மண்டியிட்டார்.

உலகத்தின் சத்தம் நின்றுவிட்டது. மூச்சை இழுத்தார். காற்று வந்தது. தன் கை அடக்கி வைத்த காற்று, சில்லென்று, கேட்டதும் வந்தது. ஒரு கணம் அவருக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் கொடுத்தது இதைத்தானா என்று. அடுத்த மூச்சில் காற்றோடு தண்ணீர் வந்தது. குளோரின் கசப்பு தொண்டையில் இறங்கியது. இன்னொரு மூச்சு, இன்னும் கொஞ்சம் தண்ணீர். துள்ளி எழுந்தார். இருமினார், கண் பிதுங்க இருமினார். மகள் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ரப்பர்... ஓரம் மடிஞ்சிருக்கு" என்றார் இருமலுக்கு நடுவே. இங்கே அது ஒரு மிடறுத் தண்ணீர். எழுந்து நின்றால் தீர்ந்தது. அங்கே, எழுந்து நிற்க முடியாத ஆழத்தில்? அவர் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவே, "என் கையாலேயே உன்னை..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் குலுங்கினார்.

சற்று நேரம் கழித்து அவர் கை தானாக ரெகுலேட்டரின் பக்கம் போயிற்று, சரிசெய்ய. ஃபாயிசா பக்கத்தில் உட்கார்ந்து அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் கீழ போனப்புறம் மேலேருந்து உங்களால இதைத் திறக்க முடியாது அத்தா. எப்பவாவது ஒருதரம் மூடிட்டு அப்படியே விடணும்ல?"

சொல்லிக்கொண்டே அவளே சிலிண்டரின் காற்றை நிறுத்தி, குழாயில் மிச்சமிருந்ததை வெளியேற்றி, முன்மூடியைத் திருகித் திறந்தாள். ரப்பரின் ஓரம் ஓரிடத்தில் நகம் போல் மடிந்திருந்தது. எடுத்து, கேன் தண்ணீரில் அலசி, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தாள். இல்லை. வைத்து, சுற்றிலும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வந்தாள். காஜா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ஓரிடத்தில் அவள் அழுத்தியது போதாது என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார். அவள் சுற்றி வந்து அதே இடத்தை மறுபடி அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மூடியைத் திருகி, உறிஞ்சிப் பார்த்தாள். சிலிண்டர் மூடியிருக்க, வெளிக்காற்று எங்கேயும் கசிந்து உள்ளே வராமல் இறுகி நின்றது. மறுபடி காற்றைத் திறந்துவிட்டு, கவ்விக்கொண்டு குளத்தின் ஆழமான பக்கம் போய் மூழ்கினாள். கடைசியாகத் திறந்தவள் இப்போது அவள். குளத்தின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலே பார்த்தாள். அவள் விட்ட மூச்சுகள் வெள்ளித் தட்டுகளாக எழுந்து மேலே உடைய, அந்தச் சிற்றலை காஜாவின் முட்டிவரை வந்தது. வேண்டிய மட்டும் இருந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"ஒரு சொட்டு வரல" என்றாள்.

படகு போயிற்று. காஜாவுக்கும் இடம் இருந்தது, தீபா கூப்பிட்டாள். அவர் வரவில்லை என்றார். படகில் உட்கார்ந்திருந்தால் மறுபடி தொடுவார் என்று அவருக்கே பயம். கரையில் நடந்தார். வேனைத் திறந்தார், மூடினார். டீக்கடை பெஞ்சின் காலில் ஒரு ஆணி தளர்ந்திருந்தது. கல்லால் தட்டி இறக்கினார். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் அடுத்த பெஞ்சையும் பார்த்தார். சித்திகா போன் செய்தாள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னார். அவர் குரலைக் கேட்டுவிட்டு அவள் மேலே கேட்கவில்லை. ஸலவாத் ஓதிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டாள். ஓதினார். தூரத்தில் படகு ஒரு நகக்கண் அளவுக்குத் தெரிந்தது, பிறகு வெயிலில் கரைந்தது. அந்தச் சாயங்காலம் திரும்ப வந்தது. வர விட்டுவிட்டு, தண்ணீரின் ஓரமாக நடந்துகொண்டே இருந்தார்.

படகு திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முதலில் அசரியாவின் சிவப்புத் தொப்பி, அப்புறம் தீபா, அப்புறம் முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்த ஃபாயிசா. அலைக்குள் முட்டிவரை நனைந்துகொண்டு காஜா எதிரே போனார். அவள் தோளிலிருந்த சுமைக்குக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்தி, அவள் கொடுக்கட்டும் என்று நின்றார். அவள் துடுப்புகளை மட்டும் கொடுத்தாள். ரெகுலேட்டரைத் தானே குழாயடிக்குக் கொண்டுபோய், சிலிண்டரில் மாட்டும் வாய்க்கு மூடி போட்டு, நல்ல தண்ணீர்த் தொட்டியில் இறக்கினாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றார்.

"கீழ ஒண்ணுமே தெரியல அத்தா, ஒரே கலங்கல். மீன் ஒண்ணு வந்து மூஞ்சில மோதிட்டு சாரி கேக்காம போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, தொட்டியில் கையை அலசினாள். "பசிக்குது. சோழிங்கநல்லூர்ல நிறுத்துங்க."